பச்சைப் பிள்ளையும் பரீட்சைத் தாளும்

(ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள குடிபாலாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கம்பனையோ வள்ளுவரையோ பேசுவது வழக்கம். என்னை அழைத்தபோது நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். எல்லையோரத்துத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுக்குமேல் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். அந்தப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையைப் பற்றியே பேச விடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். நன்றி.

சென்ற கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், மாங்காய் மண்டியில் சுமை தூக்கும் ஒருவரின் மகள். மூன்றாம் வகுப்பு. அம்மா வினாத்தாளோடு என்னிடம் கூட்டிவந்தார். "வீட்ல கேட்டா எல்லாம் சொல்லுது சார். பேப்பரைப் பாத்தா மட்டும் அப்டியே உக்காந்துடுது" என்றார். தாளில் பாதிக் கேள்விகள் வெறுமையாக இருந்தன. அதில் ஒன்று: 48 மாங்காய்களை 6 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவர் பெறுவது எத்தனை?

நான் தாளை மடித்து வைத்துவிட்டு வாயால் கேட்டேன். "நாப்பத்தெட்டு மாங்கா இருக்குது. ஆறு பேரு. ஆளுக்கு எத்தினி?" பிள்ளை கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. விரல்கள் தொடையில் தட்டின. "எட்டு" என்றாள். தாளை விரித்து அதே கேள்வியைக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். "இது இன்னா சார்?" அந்தச் சொல் 'பங்கிட்டால்'.

அவள் வீட்டில் பங்கு போடுவார்கள், பாகம் பிரிப்பார்கள். யாரும் பங்கிடுவதில்லை. வகுத்தல் அவளுக்குத் தெரியும், மாங்காயையும் தெரியும். கேள்வி அவளிடம் வந்து சேரவில்லை. அந்தத் தாளைத் திருத்தியவர் பூஜ்யம் போட்டிருந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் இடத்துக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது. ஆனால் அந்தப் பூஜ்யம் கணக்குக்குப் போட்டது என்று அவள் அம்மா நினைத்தார். பிள்ளையும் அப்படியே நினைத்தாள். 'எனக்குக் கணக்கு வராது' என்று எட்டு வயதில் முடிவு கட்டிவிட்டாள். இன்று நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

தமிழில் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பது நமக்குப் பழகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழகவில்லை. அதிலும் வினாத்தாளின் தமிழ் மூன்றாவது ஒரு தமிழ். 'பின்வருவனவற்றுள்' என்ற சொல்லை எந்த வீட்டிலாவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கதைப் புத்தகத்தில்கூட அது கிடையாது. எழுதிப் பாருங்கள், பத்து எழுத்து. படித்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அந்த ஒரு சொல் புரியாவிட்டால் கீழே உள்ள நான்கு விடைகளையும் எதற்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. 'பொருத்தமற்றதைத் தேர்ந்தெடு' என்றால் 'அற்ற' என்பதைக் கவனிக்காமல் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்படி மதிப்பெண் இழந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் எண்ணிக்கை வைக்க முடியாத அளவு பார்த்திருக்கிறேன்.

நம் எல்லையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வீட்டில் தமிழ் பேசிவிட்டுத் தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். தெலுங்குத் தாளில் 'சமாதானம்' என்று இருக்கும். தெலுங்கில் அதற்கு விடை என்று பொருள். நம் வீட்டில் சமாதானம் என்பது சண்டை போட்ட இருவரைச் சேர்த்து வைப்பது. 'சரியான சமாதானத்தைக் குறி' என்று படித்துவிட்டு ஒரு பையன் என்னிடம், "யாரு சார் சண்ட போட்டாங்க?" என்று கேட்டான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவன் முட்டாள் இல்லை. இரண்டு மொழியை ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு நேர்மையாகக் கேட்டான். 'கூடிக' என்றால் கூட்டல் என்று அவனே ஊகித்துக்கொண்டான். 'தீசிவேத' கழித்தல் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது, 'குணகாரம்' பெருக்கல் என்றும், 'பாகஹாரம்' வகுத்தல் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பத்து நிமிட வேலையை யாரும் அவனுக்குச் செய்யவில்லை.

இனி, என்னென்ன பரீட்சை என்று பார்க்கலாம். தாய்மார்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள்.

மத்திய அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வு ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் 13 அன்று நடந்தது, 2021 நவம்பர் 12 அன்று நடந்தது. பிறகு பெயர் மாறி, பரக் என்ற அமைப்பின் பொறுப்பில் 2024 டிசம்பர் 4 அன்று மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு நடந்தது. 2021-இல் மூன்றாம் வகுப்புக்கு 47 கேள்வி, 90 நிமிடம். அந்தப் பிள்ளைகள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் கொரோனாவில் பள்ளி மூடிவிட்டது. இரண்டாம் வகுப்பின் பெரும்பகுதி வீட்டிலேயே போனது. பள்ளி திறந்து சில மாதத்தில் அவர்கள் கையில் 47 கேள்வி.

இதில் முக்கியமாக ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆய்வில் பிள்ளைக்கு மதிப்பெண்ணே கிடையாது. மாதிரிக்கு எடுத்த சில பள்ளிகளில், சில பிள்ளைகளிடம் மட்டும் நடக்கும். முடிவு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வரும். உங்கள் மகள் பெயருக்கு வராது. மாவட்டம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்று அளக்கும் கோல் அது. பிள்ளை அதில் ஒரு சாட்சி மட்டுமே. ஆனாலும் பல இடங்களில் இதற்கென்று இரண்டு மாதம் மாதிரித் தாளாகக் கொடுத்து, பாடத்தை நிறுத்திவைத்து, பிள்ளைகளை வாட்டியெடுக்கிறார்கள். இது தவறு. கடுமையாகவே சொல்கிறேன். சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அழைத்துப்போனால் வழக்கில் உண்மை வராது. காய்ச்சல்மானியைப் பனிக்கட்டியில் வைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று எழுதுவது போன்றது அது. இந்த ஆய்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்யவே வேண்டாம். முந்தின இரவு நன்றாகத் தூங்கச் செய்யுங்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள், போதும்.

பள்ளியிலேயே நடப்பவை வேறு. எஃப்.ஏ. (வளரறி மதிப்பீடு), எஸ்.ஏ. (தொகுத்தறி மதிப்பீடு) என்று ஆந்திரத்தில் ஆண்டு முழுக்க நடக்கும் பரீட்சைகள் உங்களுக்குத் தெரியும். 2022-க்குப் பிறகு இவற்றில் சிலவற்றுக்கு ஓ.எம்.ஆர். தாள் வந்தது. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் வட்டத்தைக் கருக்கினார்கள். இதன் கஷ்டம் தொலைவில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கேள்வி ஒரு தாளில், வட்டம் இன்னொரு தாளில். ஏழாம் கேள்வியைப் படித்துவிட்டு ஏழாம் வரிசையைத் தேடிப்போவதற்குள் கண் எட்டாம் வரிசைக்குத் தாவிவிடும். ஒன்று தாவினால் அதற்குப் பின் எல்லாமே தப்பு. எல்லாக் கேள்விக்கும் சரியான விடை தெரிந்த ஒரு பையன் ஒரு வரிசை கீழிறங்கிக் கருக்கி முட்டை வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இதற்கு வைத்தியம் எளிது. ஒரு அடிக்கோலையோ மடித்த காகிதத்தையோ வரிசையின் கீழே வைத்து, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும். ஒரு வாரத்துக்குமேல் இதில் செலவிடாதீர்கள். வட்டம் கருக்குவது கல்வியாகாது.

2023 ஜூனில் ஆந்திர அரசு அமெரிக்காவின் ஈ.டி.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது நினைவிருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் டோஃபல் தேர்வின் சின்னத் தம்பி ஒன்றை, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கொண்டுவந்தார்கள். ஆட்சி மாறியபின் அது நின்றது. கொண்டுவந்தவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் வரவேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் 'பங்கிட்டால்' புரியாத பிள்ளையின் காதில் அமெரிக்க உச்சரிப்பை ஊற்றினால் ஆங்கிலம் வராது. தன் மொழியின்மேல் இருந்த கொஞ்சம் நம்பிக்கையும் போய்விடும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட, அதன் மற்ற அம்சங்களில் எவ்வளவு கருத்து வேறுபாடு இருந்தாலும், முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் சொல்கிறது.

உண்மையிலேயே உழைத்துத் தயாராக வேண்டிய பரீட்சை நம் பக்கத்தில் ஒன்று உண்டு. மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவில் சேர எழுதும் தேர்வு. இந்த எல்லையின் விசித்திரத்தைப் பாருங்கள். இங்கிருந்து வேலூர்ச் சாலையில் போய் எல்லையைத் தாண்டினால் காட்பாடி. அங்கே படிக்கும் பிள்ளைக்கு நவோதயா கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு நவோதயா பள்ளியும் இல்லை. குடிபாலாப் பிள்ளைக்கு உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்துக்கான நவோதயா மதனப்பள்ளி அருகே வலசபள்ளியில் இருக்கிறது. ஆறாம் வகுப்புச் சேர்க்கை, அதிகபட்சம் 80 இடம். குறைந்தது 75 விழுக்காடு கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். மண்டியில் சுமை தூக்குபவரின் மகளுக்கு இது பெரிய வாசல்.

ஐந்தாம் வகுப்பில் எழுத வேண்டும். 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 40 கேள்வி மனத்திறன், 20 கணக்கு, 20 மொழி. தப்பான விடைக்குக் கழிவு இல்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். பேனாவால் கருக்க வேண்டும், பென்சில் கூடாது. இதுவரை பென்சிலும் அழிப்பானுமாக இருந்த கை. பிள்ளைகள் தடுமாறுவார்கள். நான்கு மாதம் முன்பே பேனாவுக்கு மாற்றுங்கள். எந்த மொழியில் எழுதப்போகிறாள் என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள மொழிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பள்ளியில் எந்த மொழியில் கணக்குப் போடுகிறாளோ அதை ஒட்டி முடிவெடுங்கள். கவுரவத்துக்காக ஆங்கிலம் என்று குறித்து ஏமாந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

மனத்திறன் என்றால் படங்கள்தாம். மதிப்பெண்ணில் பாதி அதற்கே. காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் விரிக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு வகைக் கேள்வி. இதற்காக ஐந்நூறு ரூபாய் வழிகாட்டிப் புத்தகம் வாங்கிப் பிள்ளையை மாதக்கணக்கில் படம் பார்க்க வைக்கிறார்கள். நான் பழைய செய்தித்தாளும் ஒரு பஞ்சிங் கருவியும் கொடுத்தேன். நான்காக மடி, ஒரு மூலையில் ஓட்டை போடு, விரிப்பதற்கு முன் எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்று சிலேட்டில் வரை, இப்போது விரி. முதல் நாள் எல்லோருக்கும் தப்பு. ஒரு வாரத்தில் எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடிப் பிம்பத்துக்கு அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கோலம் போடும் வீட்டில் பெண் பிள்ளைகள் உருவத் தொடரில் பின்தங்கவே மாட்டார்கள். புள்ளி வைத்து, பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணால் முடிப்பது அவர்களுக்கு விடிகாலை வேலை. அந்தப் படத்தைத் தாளில் பார்த்தவுடன், 'இது நம்ம கோலம்' என்று அடையாளம் காட்டும் ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளின் பரீட்சைக்குப் பின்னால் ஆசிரியர்களின் பயமும் இருக்கிறது. தேர்ச்சி முடிவை வைத்து அவர்களை அளப்பது புதிதில்லை. இங்கிலாந்தில் 1862-இல், பிள்ளைகள் தேர்வில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று விதி செய்தார்கள். நம் சென்னை மாகாணத்திலும் அதே வழி வந்தது. அப்போது சித்தூர் வட ஆர்க்காட்டில் இருந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதே பள்ளிக்கூட வேலையாகிப் போனது. பிறகு இரு நாட்டிலும் அதைக் கைவிட்டார்கள்.

அந்த வழிக்கு மாற்று ஒன்று நம் மண்ணிலேயே பிறந்தது, அதைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி. 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவும் ரமாவும் அங்கே சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். சுவரில் ஒரு ஏணி வரைந்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். பிள்ளை தானே போய் ஏணியில் தன் படியைப் பார்த்து, அதே படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உட்காரும். சில படிகள் ஏறியதும் ஒரு அட்டை வரும், அதுதான் பரீட்சை. செய்தால் மேலே போகலாம். செய்யாவிட்டால் அதே பாடத்துக்கு இன்னும் சில அட்டைகள். யாரும் பெயில் என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் பிள்ளை வேறு படியில் இருப்பதால் ஒப்பிடவும் வழியில்லை. பிள்ளை தயாரான அன்று பரீட்சை நடக்கும்.

இந்த முறைதான் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனது. எம். பி. விஜயகுமார் என்ற அதிகாரி வேலூரில் ஆட்சியராக இருந்தவர்; 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதிலும் குறைகள் இருந்தன. பல பள்ளிகளில் அட்டைகள் கிழிந்து போயின, ஏணி வெறும் சுவர்ப்படமாக நின்றது. பிறகு அங்கே எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்தார்கள். அரும்பு என்று சொன்னால் பிள்ளைக்கு அவமானமில்லை; அரும்பு மலராகும் என்று அதற்கே தெரியும். பெயர் வைத்தவர்களை வணங்குகிறேன்.

பரீட்சை ஆசை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். அங்கே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நடக்கிறது. அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் இதைப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளை விடிகாலை ஒரு டியூஷன், மாலை ஒரு டியூஷன். 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்பே கசிந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் தாளைக் கசியவிடும் அளவுக்குப் பெரியவர்களின் ஆசை முற்றியிருக்கிறது. அதே சமயம் சிங்கப்பூர், தேர்வுக்குப் பேர்போன நாடு, 2019-இல் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வையே எடுத்துவிட்டது.

நாம் தேர்வை எடுத்துவிட முடியாது. அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

தாய்மார்களே, உங்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாது என்று தயங்குகிறீர்கள். பரவாயில்லை. பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தினமும் கால் மணி நேரம். நீங்கள் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்கலாம். ஒவ்வொரு கேள்வியையும் படித்து முடித்ததும், "இன்னா கேக்கறாங்க? நம்ம பேச்சுல சொல்லு" என்று கேளுங்கள். விடையைக் கேட்காதீர்கள். கேள்வியை நம் பேச்சில் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. சொல்லத் தெரியாவிட்டால் எந்தச் சொல்லில் நின்றாள் என்று பார்த்து, அதை ஒரு தாளில் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். தாள் வந்த அன்று மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அடிக்காதீர்கள். வெறுமையாக விட்ட கேள்விகளை வாயால் கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் வரும். வராதது தாளின் மொழி. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியும். ஒரே ஆள் இரண்டு வகுப்பைப் பார்க்கிறீர்கள், ஒரு கையில் செல்போனில் ஆப், இன்னொரு கையில் சாக்பீஸ். ஒரே ஒரு வேண்டுகோள். பாடம் நடத்தும்போதே தாளின் சொற்களைப் புழங்குங்கள். சத்துணவுக்கு வரிசை கட்டும்போது "பின்வருவனவற்றுள் இன்று எது குழம்பு?" என்று கேளுங்கள். முதலில் முழிப்பார்கள். பத்தாம் நாள் அவர்களே அப்படிக் கேட்பார்கள்.

அந்த மாங்காய்க் கணக்குப் பிள்ளையிடம் இதைத்தான் செய்தேன். கோடை முழுக்க வாரம் மூன்று மாலை வந்தாள். புதிதாக ஒரு கணக்கும் சொல்லித்தரவில்லை. கேள்வித் தமிழை மட்டும் பேச்சுத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். அவள் நின்ற சொற்களையும், தெலுங்கு வழிப் பிள்ளைகள் நின்ற சொற்களையும் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். இடப்பக்கம் தாளில் வரும் சொல், நடுவில் தெலுங்குச் சொல், வலப்பக்கம் நம் ஊர்ப் பேச்சு. அதைத் தட்டச்சு செய்து நகல் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டே பக்கம். வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். விட்டுப்போன சொல் இருந்தால் கீழே காலியாக விட்ட இடத்தில் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.